ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸ்: எந்தப் பாராமீட்டர் எங்கே, ஏன் அங்கே?

மெயின்ஃப்ரேம் வேலைக்கு நான் வந்த புதிதில் நடந்தது. ஸ்கேன் செய்த ஆவணம் ஒன்று, 60 எம்பிக்குக் கொஞ்சம் மேலே. அதைச் சேமிக்கப் போன அப்ளிகேஷன் பிழைக் குறியீட்டோடு திரும்பி வந்தது. மேனுவலைப் புரட்டியதும் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு ஆப்ஜெக்ட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைச் சொல்ல எம்ஓஎஸ் என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது. எங்கள் சிஸ்டத்தில் அதை யாருமே எழுதவில்லை. எழுதாமல் விட்டால் 50 எம்பி என்று சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். சரி, இவ்வளவுதானே என்று 256 என எழுதினோம். இந்த ஆவணங்களைச் சேமித்து, கேட்கும்போது திருப்பித் தரும் மென்பொருள் ஓஏஎம். அதை நிறுத்தினோம், திரும்ப எழுப்பினோம். மறுபடியும் அதே பிழை.

எழுத்துப் பிழையா என்று நாலு பேர் மாறிமாறிப் பார்த்தோம். இல்லை. சரியான ஃபைலா? ஆமாம். இன்னொரு முறை நிறுத்தி எழுப்பினோம். அதே பிழை. இரண்டு மணி நேரம் கழித்து, பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வரியை யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள்?"

ஓஏஎம் பற்றிக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் முதலில் கொடுப்பது அந்தக் கேள்வியைத்தான். ஓஏஎம்-இன் செட்டிங்குகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பார்ப்பதற்கு ஒழுங்கில்லாத வீடு போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் எப்போது படிக்கப்படுகிறது, எந்த அட்ரஸ் ஸ்பேஸ் (ஒரு புரோகிராம் ஓடுவதற்கான தனி நினைவகம்) படிக்கிறது என்று பார்த்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில், ஆப்ஜெக்ட் என்றால் என்ன?

நிரலாக்க மொழிகளில் வரும் ஆப்ஜெக்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே ஆப்ஜெக்ட் என்பது பெயருள்ள ஒரு பைட் சரம், அவ்வளவுதான். காசோலையின் படமாக இருக்கலாம், மாதாந்திர அறிக்கையாக இருக்கலாம், குரல் பதிவாக இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓஏஎம் பார்ப்பதே இல்லை. ரெக்கார்டு, பிளாக் என்ற பேச்சும் கிடையாது. கொடுத்ததை அப்படியே வைத்திருந்து, கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

சாதாரண டேட்டாசெட்டாகவே, அதாவது மெயின்ஃப்ரேம் ஃபைலாகவே, வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எண்ணிக்கைதான் சிக்கல். ஒரு நிறுவனத்தில் டேட்டாசெட்டுகள் ஆயிரங்களிலும் லட்சங்களிலும் இருக்கும். ஆப்ஜெக்டுகள் கோடிகளில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்டலாகில், அதாவது எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலில், ஒரு பதிவு போட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஆப்ஜெக்டுகளைக் கலெக்ஷன் என்ற குழுக்களில் போடுகிறார்கள். கேட்டலாகில் ஏறுவது கலெக்ஷனின் பெயர் மட்டும். தனித்தனி ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் டிபி2 என்ற டேட்டாபேஸின் அட்டவணையில் ஒரு வரிசை. கலெக்ஷன் பெயர், ஆப்ஜெக்ட் பெயர் இரண்டுமே 44 எழுத்து வரை போகலாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வதுதான் ஓஏஎம், அதாவது ஆப்ஜெக்ட் ஆக்சஸ் மெத்தட். மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்-இல், சேமிப்பை நிர்வகிக்கும் டிஎஃப்எஸ்எம்எஸ்-இன் ஒரு பகுதியாகவே வருகிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் குறிப்பு: கன்சோலில் சிபிஆர் என்று தொடங்கும் மெசேஜ் வந்தால் அது ஓஏஎம் பேசுகிறது என்று அர்த்தம். அதன் புரோகிராம்கள், பார்ம்லிப் என்ற செட்டிங் லைப்ரரியில் உள்ள மெம்பர் (ஃபைல்), சாம்பிள் ஜாப்கள் எல்லாவற்றின் பெயரும் அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்கும்.

அட்ரஸ் ஸ்பேஸ்

1974-இல் இசட்/ஓஎஸ்-இன் முன்னோடியான எம்விஎஸ் வந்தபோது அதன் பெயரிலேயே விஷயம் இருந்தது: மல்டிபிள் வர்ச்சுவல் ஸ்டோரேஜ். ஒவ்வொரு ஜாபுக்கும், ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு மெய்நிகர் நினைவகம். ஆரம்பத்தில் 24 பிட் முகவரி, அதாவது 16 எம்பி. பிறகு எம்விஎஸ்/எக்ஸ்ஏ என்ற பதிப்பின் காலத்தில் 31 பிட், 2 ஜிபி. 2000-இல் இசட் ஆர்க்கிடெக்சர் வந்து 64 பிட் ஆனது. அளவு எவ்வளவோ மாறினாலும் அடிப்படை மாறவில்லை. என் அட்ரஸ் ஸ்பேஸில் ஒரு முகவரியில் இருப்பது வேறு, உங்கள் அட்ரஸ் ஸ்பேஸில் அதே முகவரியில் இருப்பது வேறு. உங்கள் புரோகிராம் தன் நினைவகத்தைக் குழப்பிக்கொண்டு விழுந்தால் என்னுடையது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

டிபி2, ஆன்லைன் பரிவர்த்தனைகளை ஓட்டும் சிஐசிஎஸ், ஓஏஎம் எல்லாமே இப்படித் தனித்தனி அட்ரஸ் ஸ்பேஸ்களில் குடியிருப்பவை. கன்சோலில் ஸ்டார்ட் கட்டளை கொடுத்தால் புரோக்லிப் என்ற லைப்ரரியில் உள்ள ஒரு ஜேசிஎல் புரொசீஜர் (எந்தப் புரோகிராமை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு) எடுக்கப்பட்டு, புதிய அட்ரஸ் ஸ்பேஸ் ஒன்று பிறந்து, அதற்குள் அந்தப் புரோகிராம் ஓடத் தொடங்கும். இதைத்தான் ஸ்டார்ட்டட் டாஸ்க் என்கிறோம். ஸ்டாப் கட்டளை கொடுத்தால் புரோகிராம் முடிந்து அந்த அட்ரஸ் ஸ்பேஸும் போய்விடும். அதற்குள் படித்து வைத்திருந்த செட்டிங்குகளும் கூடவே போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஆனால் எல்லாமே தனித்தனி என்றால் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது? அதற்குத்தான் எல்லா அட்ரஸ் ஸ்பேஸுக்கும் பொதுவான நினைவகப் பகுதி ஒன்று இருக்கிறது. ஐபிஎல் நேரத்தில், அதாவது சிஸ்டம் பூட் ஆகும்போது, சப்சிஸ்டங்களின், அதாவது சிஸ்டத்தோடு சேர்ந்து இயங்கும் துணை அமைப்புகளின், பெயர்கள் அங்கே பதியப்படுகின்றன. ஓஏஎம்-உம் ஒரு சப்சிஸ்டம். அதனால் அதன் வாழ்க்கை அதன் அட்ரஸ் ஸ்பேஸ் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எங்களுடைய இரண்டு மணி நேரம் வீணானது இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான்.

வேலையை யார், எங்கே செய்கிறார்கள்?

ஓஏஎம்-க்குள் மூன்று பகுதிகள். ஓஎஸ்ஆர் ஆப்ஜெக்டைச் சேமித்துத் திருப்பித் தருவது. எல்சிஎஸ் டேப் லைப்ரரிகளையும் டிரைவுகளையும் கவனிப்பது. ஓஎஸ்எம்சி தினசரிப் பராமரிப்பு: பழசாகிப்போன ஆப்ஜெக்டை மலிவான இடத்துக்கு நகர்த்துவது, பேக்கப் எடுப்பது, காலாவதியானதை அழிப்பது.

புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்றும் ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸுக்குள்ளேதான் ஓடும் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்சிஎஸ், ஓஎஸ்எம்சி இரண்டும் உண்மையில் அங்கேதான் ஓடுகின்றன. ஓஎஸ்ஆர் அப்படியில்லை. அது கேட்டவருடைய வீட்டிலேயே வேலை செய்கிறது.

ஒரே ஒரு ஆப்ஜெக்டின் பின்னால் போய்ப் பார்ப்போம். ஒரு பேட்ச் ஜாப் (யாரும் திரையில் உட்காராமல் தானாக ஓடும் வேலை) ஓஎஸ்ரெக் என்ற மேக்ரோ மூலம் "இதைச் சேமி" என்கிறது. அந்த அழைப்பைக் கையாளும் ஓஎஸ்ஆர் கோடு அந்த பேட்ச் ஜாபின் அட்ரஸ் ஸ்பேஸுக்குள்ளேயே ஓடுகிறது. இந்த ஆப்ஜெக்ட் எந்த ஸ்டோரேஜ் குரூப்புக்கு (சேமிக்கும் இடங்களின் தொகுதி) போகவேண்டும், எந்த ஸ்டோரேஜ் கிளாஸ் (எந்த வகைச் சேமிப்பு), எந்த மேனேஜ்மென்ட் கிளாஸ் (எப்போது நகர்த்துவது, அழிப்பது என்ற விதிகள்) என்று ஏசிஎஸ் ரூட்டீன்கள், அதாவது அந்த நிறுவனம் எழுதி வைத்திருக்கும் தேர்வு விதிகள், முடிவு செய்கின்றன. டிஸ்க்கில் வைப்பது என்று முடிவானால், ஓஎஸ்ஆர் அந்த ஜாபிலிருந்தே நேராக டிபி2-வோடு பேசுகிறது. டைரக்டரி அட்டவணையில் ஒரு வரிசை சேர்கிறது. உள்ளடக்கம் வேறொரு அட்டவணைக்குப் போகிறது: 3980 பைட்டுக்குள் அடங்கினால் 4கே அட்டவணை, அதைத் தாண்டினால் 32கே அட்டவணை, 32 கேபிக்கும் பெரிதாக இருந்து பெரிய தரவை முழுதாக வைக்கும் எல்ஓபி வசதியும் செய்யப்பட்டிருந்தால் எல்ஓபி அட்டவணை. எல்ஓபி இல்லையென்றால் பெரிய ஆப்ஜெக்ட் துண்டு துண்டாக வெட்டப்பட்டு 32கே அட்டவணையில் பல வரிசைகளாக உட்காரும்.

இப்போது சில மாதங்கள் கழிகின்றன. யாரும் அந்த ஆவணத்தைத் தேடவில்லை. ஓஎஸ்எம்சி தன் தினசரிச் சுற்றில் இதைக் கவனித்து, மேனேஜ்மென்ட் கிளாஸ் சொன்னபடி டேப்புக்கு நகர்த்துகிறது. இந்த வேலை நடந்தது ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸில். டைரக்டரி வரிசையில் இருப்பிடத்தைச் சொல்லும் ஓரெழுத்துக் கொடி டி-யிலிருந்து டேப்பைக் குறிக்கும் எழுத்துக்கு மாறுகிறது.

பிறகு ஒரு நாள் அதே ஆவணம் வேண்டும் என்று யாரோ கேட்கிறார்கள். அழைப்பு மாறவில்லை, அதே ஓஎஸ்ரெக்தான். ஓஎஸ்ஆர் டைரக்டரியைப் பார்க்கிறது, டேப் என்று தெரிகிறது. டேப் டிரைவை ஒதுக்குவது, கேசட்டை ஏற்றுவது எல்லாம் பேட்ச் ஜாபின் வேலை இல்லை. அதனால் கோரிக்கை ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸுக்குத் தாவுகிறது. எல்சிஎஸ் டேப்பை ஏற்றிப் படித்து, விஷயத்தைக் கேட்டவர் கையில் சேர்க்கிறது. அப்ளிகேஷனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பதில் வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது, அவ்வளவுதான்.

ஆக, ஒரே ஓஏஎம்-இன் கோடு நூற்றுக்கணக்கான அட்ரஸ் ஸ்பேஸ்களில் சிதறி ஓடிக்கொண்டிருக்கிறது, அவற்றுள் ஒன்றுதான் ஓஏஎம் என்ற பெயரில் இருக்கிறது. அப்படியானால் பேட்ச் ஜாபில் ஓடும் ஓஎஸ்ஆருக்குத் தேவையான செட்டிங்கை ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸுக்குள் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? பேட்ச் ஜாபால் அதைப் பார்க்க முடியாது. அதைப் பொதுவான இடத்தில்தான் வைத்தாக வேண்டும். யார் யாருக்கு எது தெரியவேண்டும் என்பதிலிருந்துதான் செட்டிங்குகளின் இருப்பிடம் முடிவாகிறது.

ஐபிஎல் நேரத்தில் படிக்கப்படுவது

பார்ம்லிப்பில் ஐஇஎஃப்எஸ்எஸ்என் என்று தொடங்கும் மெம்பர் ஒன்று உண்டு. இந்த சிஸ்டத்தில் என்னென்ன சப்சிஸ்டங்கள் உண்டு என்று அது சொல்கிறது. ஓஏஎம்-க்கான வரியில் மூன்று விஷயங்கள்: சப்சிஸ்டத்தின் பெயர், அதைத் தொடங்கிவைக்கும் ரூட்டீன் (சிபிஆர்இனிட்), அதற்குக் கொடுக்கும் பாராமீட்டர் சரம். எம்ஓஎஸ் இருப்பது இந்தச் சரத்தில்தான். அதோடு எல்ஓபி என்று இன்னொன்று: ஏ என்றால் எல்லா ஸ்டோரேஜ் குரூப்புக்கும் எல்ஓபி அட்டவணை உண்டு, பி என்றால் சிலவற்றுக்கு மட்டும், என் என்றால் எதற்கும் இல்லை. ஏ என்று எழுதிவிட்டு ஏதோ ஒரு குரூப்புக்கு அட்டவணையை உருவாக்க மறந்துவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிற தப்பு. அந்தக் குரூப்புக்குப் பெரிய ஆப்ஜெக்ட் வரும் நாளில்தான் அது வெளியே தெரியும்.

யுபிடி என்ற பாராமீட்டரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பார்க்கச் சின்னதாக இருந்துகொண்டு வேகத்தைத் தின்னும். ஒரு ஆப்ஜெக்டைப் படிக்கும்போது "கடைசியாக இன்று பயன்பட்டது" என்று டைரக்டரி வரிசையில் குறித்து வைக்கவேண்டுமா என்று அது தீர்மானிக்கிறது. வேண்டும் என்றால் ஒவ்வொரு படிப்புக்கும் டிபி2-வில் ஒரு எழுத்து வேலையும் சேர்ந்துவிடுகிறது. கடைசிப் பயன்பாட்டுத் தேதியை வைத்து ஆப்ஜெக்டை நகர்த்துகிற மேனேஜ்மென்ட் கிளாஸ் உங்களிடம் இருந்தால் இது தேவை. அப்படி எதுவும் இல்லையென்றால் வீண் செலவு. நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் யாரோ எப்போதோ போட்ட மதிப்பு அப்படியே கிடக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

எம்ஓஎஸ், எல்ஓபி, யுபிடி மூன்றையும் ஒருசேரப் பாருங்கள். மூன்றும் ஓஎஸ்ஆருக்குத் தேவையானவை. சேமிக்கும்போதும் படிக்கும்போதும், எந்த அட்ரஸ் ஸ்பேஸில் ஓடினாலும், அதற்கு இவை தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இவை சப்சிஸ்டம் உருவாகும்போதே படிக்கப்பட்டு எல்லாருக்கும் பொதுவாக வைக்கப்படுகின்றன. ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸை நிறுத்தி எழுப்புவது சப்சிஸ்டத்தைத் தொடுவதே இல்லை. நாங்கள் மணிக்கணக்கில் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ஸ்டார்ட் கட்டளையின்போது படிக்கப்படுவது

அடுத்த இடம் புரோக்லிப்பில் உள்ள புரொசீஜர். சாம்பிள் லைப்ரரியில் சிபிஆர்ஏபிராக் என்ற மெம்பரில் ஒரு மாதிரி இருக்கும். அதை எடுத்துத் தேவைக்கு மாற்றிக்கொள்வார்கள். ஓடும் புரோகிராமின் பெயர் சிபிஆர்ஓஏஎம். இங்கே இருப்பவை எல்லாம் இந்த அட்ரஸ் ஸ்பேஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றியவை. ஓஎஸ்எம்சி சேர்ந்து எழவேண்டுமா வேண்டாமா? ஓஎஸ்எம்சி ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டோரேஜ் குரூப்புகளைக் கவனிக்கலாம்? ஸ்டோரேஜ் குரூப், கிளாஸ் எல்லாம் வரையறுக்கப்படும் எஸ்எம்எஸ்-இன் கான்ஃபிகரேஷன் புதிதாக ஆக்டிவேட் ஆனால் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமா?

இந்தக் கடைசிக் கேள்வி ரீஸ்டார்ட் என்ற பாராமீட்டர். வேண்டும் என்று வைத்திருந்தால், எஸ்எம்எஸ்-இல் யாராவது ஓஏஎம்-க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாற்றத்தை ஆக்டிவேட் செய்தால்கூட ஓஏஎம் மறுபடி தொடங்கும். பகல் நேரத்தில் டேப் வேலைகள் மும்முரமாக ஓடும்போது இது நடந்தால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். வேண்டாம் என்று வைத்துவிட்டு, தேவைப்படும்போது கட்டளையால் ரீஸ்டார்ட் செய்வதுதான் என் கட்சி. ஆனால் அப்படி வைத்தால் புதிய ஸ்டோரேஜ் குரூப் சேர்க்கிறவர் கட்டளை கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால், எஸ்எம்எஸ்-இல் குரூப் இருக்கும், ஓஏஎம்-க்கு அது தெரியாது.

எத்தனை குரூப்புகளை ஒரே நேரத்தில் என்ற கேள்விக்கான பாராமீட்டர் மேக்ஸ்எஸ். உங்களிடம் 8 ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் குரூப்புகள் இருக்கின்றன, மேக்ஸ்எஸ் 2 என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் குரூப்புக்கும் சுற்று தொடங்க வேண்டிய நேரம் இரவு 10 மணி என்று கொடுத்தால், முதலில் இரண்டு குரூப்புகள் ஓடும். ஒன்று முடிந்தால் மூன்றாவது உள்ளே வரும். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் எல்லாம் முடிய அதிகாலை 2 மணி. மேக்ஸ்எஸ்-ஐ 8 ஆக்கிவிட்டால் 11 மணிக்கே முடிந்துவிடுமே என்று தோன்றும். முடியாது. எட்டும் ஒரே டிபி2-வை மோதும், இருக்கிற டேப் டிரைவுகளுக்கு அடித்துக்கொள்ளும், இரவு பேட்ச் ஜாப்களும் அதே டிபி2-வில் காத்துக்கொண்டிருக்கும். டிரைவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து, சிறிதாகத் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுற்றின் நேரம் எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? புரொசீஜரில் இல்லை. அது ஸ்டோரேஜ் குரூப்பின் வரையறையில், எஸ்எம்எஸ்-க்குள் இருக்கிறது. குரூப்புக்குக் குரூப் வேறுபடும் விஷயம் குரூப்பிடமே இருக்கிறது. தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு கட்டங்கள் அங்கே உண்டு. அந்த முடிவு நேரத்தைப் பார்த்து பலர் ஏமாந்திருக்கிறார்கள். வழக்கமாக அது சுற்று எந்த நேரத்துக்குள் தொடங்கலாம் என்பதன் எல்லை. தொடங்கிவிட்ட சுற்று அந்த நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் ஆனதும் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ஒரு பாராமீட்டரில் சொல்ல வேண்டும்.

அந்தத் தனிப் பாராமீட்டர் இருக்கும் இடம்தான் அடுத்தது: பார்ம்லிப்பில் சிபிஆர்ஓஏஎம் என்று தொடங்கும் மெம்பர். ஸ்டார்ட் கட்டளையிலோ புரொசீஜரிலோ எந்தப் பின்னொட்டு உள்ள மெம்பரை எடுக்கவேண்டும் என்று சொன்னால், ஓஏஎம் எழும்போது அதைப் படித்துக்கொள்ளும். இதற்குள் செட்ஓஏஎம், செட்ஓஎஸ்எம்சி, செட்ஆப்ட், செட்டிஸ்க் என்று வகைவகையாக வாக்கியங்கள். எந்த ஸ்டோரேஜ் குரூப்புக்கு எந்த டேப் யூனிட், ஒரே நேரத்தில் எத்தனை டேப் படிப்புகள், பேக்கப்பின் முதல் பிரதி எந்தக் குரூப்புக்கு, இரண்டாவது எந்தக் குரூப்புக்கு என்பவையெல்லாம் இங்கே. செட்டிஸ்க் கொஞ்சம் பின்னால் வந்தது. இசட்/ஓஎஸ் 1.13-இல் டிஸ்க் என்ற நிலையே இரண்டாகப் பிரிந்தது: டிபி2 அட்டவணை முதல் துணைநிலை, யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டம் இரண்டாவது. எந்தக் குரூப்பின் ஆப்ஜெக்டுகள் எந்த டைரக்டரிக்குப் போகவேண்டும் என்று இந்த வாக்கியம் சொல்கிறது.

இவற்றில் பலவற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாடிஃபை கட்டளையால் மாற்றலாம். இரவு அவசரமாக ஒரு எண்ணிக்கையைக் கூட்ட மிகவும் வசதி. ஆனால் அந்த மாற்றம் இந்த அட்ரஸ் ஸ்பேஸின் நினைவகத்தில் மட்டுமே நடக்கிறது. அது போனால் மாற்றமும் போகும். மெம்பரிலும் எழுதாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து அடுத்த ஸ்டார்ட்டில் பழைய மதிப்பு திரும்பி வந்து நிற்கும். அதற்குள் மாற்றியது யார், ஏன் மாற்றினார் என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும்.

டிபி2-வும் வரிசை முறையும்

முதல்முறை நிறுவும்போது மட்டும் வரும் வேலைகள் சில: டிபி2-வில் அட்டவணைகளை உருவாக்குவது, ஓஏஎம்-இன் பேக்கேஜ்களை பைண்ட் செய்வது (அதன் டேட்டாபேஸ் கேள்விகளை டிபி2-வில் பதிந்து தயாராக்குவது), உரிமைகள் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் சாம்பிள் ஜாப்கள் கூடவே வருகின்றன. ஒவ்வொரு ஸ்டோரேஜ் குரூப்புக்கும் குரூப்00, குரூப்01 என்று தனிப் பெயர்த் தொகுதியில் தனி டைரக்டரியும் தனி அட்டவணைகளும் இருக்கும். ஓஏஎம்-க்குப் புதிய திருத்தம் போட்ட பிறகு பைண்ட் செய்ய மறப்பதும் உண்டு. டிபி2 உடனே முகத்தில் அடித்தாற்போல் பிழை சொல்லிவிடும், அதனால் இது பெரிய தலைவலி இல்லை.

எழுப்பும் வரிசை: எஸ்எம்எஸ், பிறகு டிபி2, அப்புறம்தான் ஓஏஎம். இறக்கும்போது தலைகீழ். ஓஏஎம்-ஐ நிறுத்தாமல் டிபி2-வைச் சாதாரணமாக நிறுத்தினால், ஓஏஎம் பிடித்துக்கொண்டிருக்கும் த்ரெட் (டிபி2-வோடான இணைப்பு) விடுபடும்வரை டிபி2 காத்துக்கொண்டே நிற்கும். டேப் லைப்ரரிக்காக மட்டும் ஓஏஎம் வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆப்ஜெக்டே இல்லாதபோது டிபி2 தேவையில்லை, ஓஎஸ்எம்சி-யும் தேவையில்லை.

ஒன்றா, பலவா?

நீண்ட காலம் ஒரு சிஸ்டத்தில் ஒரே ஒரு ஓஏஎம் அட்ரஸ் ஸ்பேஸ்தான். டேப் லைப்ரரி வேலையும் அதற்குள்ளே, ஆப்ஜெக்ட் வேலையும் அதற்குள்ளே. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆப்ஜெக்டே தெரியாத ஆயிரம் பேட்ச் ஜாப்கள் டேப்பை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். ஆப்ஜெக்ட் பக்கம் ஒரு சின்ன செட்டிங்குக்காக ஓஏஎம்-ஐ நிறுத்தினால் அவையும் தொட்டாச்சிணுங்கி போலச் சுருங்கும். டிபி2 ஆட்களுக்கும் டேப் ஆட்களுக்கும் நேரம் ஒத்துவருவது இன்னொரு கதை.

இசட்/ஓஎஸ் 2.3-இலிருந்து இதைப் பிரித்துக்கொள்ள வழி வந்தது. டேப் லைப்ரரிக்கு ஒரு ஓஏஎம், ஆப்ஜெக்டுக்கு வேறு ஓஏஎம். ஆப்ஜெக்ட் பக்கத்திலும் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஐஇஎஃப்எஸ்எஸ்என்-இல் தன் பெயரில் ஒரு சப்சிஸ்டமாகப் பதிந்துகொள்ளும், தனக்கென்று ஒரு டிபி2-வை வைத்துக்கொள்ளும். இரண்டு வேறு நிறுவனங்களின் ஆவணங்களை ஒரே இயந்திரத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி: ஒருவர் தரவு இன்னொருவர் அட்டவணையோடு கலக்க வாய்ப்பே இல்லை. ஒன்றுக்கு மட்டும் பராமரிப்பு நேரம் ஒதுக்கலாம். அதற்கு விலை, செட்டிங்குகள் இரட்டிப்பாவது. அப்ளிகேஷன் எந்த ஓஏஎம்-ஐக் குறிவைக்கிறது என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். ஒரே நிறுவனம், ஒரே டிபி2, டேப் பக்கம் அமைதியாக இருக்கிறது என்றால் பழைய ஒற்றை அமைப்பிலேயே இருந்துவிடலாம் என்பேன்.

எதிர்த்திசையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சிஸ்பிளெக்ஸில், அதாவது ஒன்றாக இணைக்கப்பட்ட சிஸ்டங்களின் கூட்டத்தில், பல சிஸ்டங்கள் ஒரே டிபி2 டேட்டா ஷேரிங் குழுவைப் பகிர்ந்துகொண்டால், அவற்றின் ஓஏஎம்-களும் எக்ஸ்சிஎஃப் என்ற தகவல் தொடர்பு வசதி மூலம் கைகோத்து ஓஏஎம்பிளெக்ஸ் ஆகலாம். ஒரு டேப் முதல் சிஸ்டத்தில் ஏற்றப்பட்டிருக்கும்போது அதிலுள்ள ஆப்ஜெக்டை இரண்டாம் சிஸ்டத்தில் உள்ள ஜாப் கேட்டால், டேப்பை இறக்கி அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. கோரிக்கை இங்கே வரும், பைட்டுகள் அங்கே போகும்.

கன்சோலில் பார்ப்பது

டிஸ்ப்ளே எஸ்எம்எஸ், ஓஏஎம் என்று ஒரு கட்டளை. ஓஏஎம்-இன் ஒட்டுமொத்த நிலையைச் சொல்லும். டிஸ்ப்ளே ஏ என்ற பொதுக் கட்டளையில் ஓஏஎம்-இன் பெயரைக் கொடுத்தால் அட்ரஸ் ஸ்பேஸின் எண்ணும், அது எந்த சர்வீஸ் கிளாஸில் (முன்னுரிமை வகுப்பில்) ஓடுகிறது என்பதும் தெரியும். புதிதாகக் கற்கிறவர் ஒரு முறை இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓஏஎம்-ஐ நிறுத்தி எழுப்பிவிட்டு, மறுபடி பார்க்கட்டும். சோதனை சிஸ்டத்தில்தான், தயவுசெய்து. பெயர் அதேதான், எண் பெரும்பாலும் மாறியிருக்கும். முந்தையது போய்விட்டது, இது வேறொன்று.

எங்கள் 60 எம்பி ஆவணம் அந்த வார இறுதிவரை காத்திருந்தது. ஏற்கெனவே திட்டமிட்டிருந்த ஐபிஎல் ஞாயிறு அதிகாலை நடந்தது. சப்சிஸ்டம் புதிதாக உருவானது, சிபிஆர்இனிட் 256 என்பதைப் படித்தது. எஸ்எம்எஸ், டிபி2, ஓஏஎம் வரிசையாக எழுந்தன. அதே ஜாபைத் திரும்ப ஓட்டினோம், பிழையில்லை என்று சொல்லும் பூஜ்யத்தில் முடிந்தது. டைரக்டரி அட்டவணையில் போய்ப் பார்த்தேன்: இருப்பிடக் கொடி டி, அளவுக் கட்டத்தில் 6-இல் தொடங்கும் எட்டு இலக்க எண். மூத்தவர் அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, "மேனேஜ்மென்ட் கிளாஸ் என்ன விழுந்திருக்கிறது, பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை.